முதல் விழா கண்ட செட்டிநாட்டு அரசர்

செட்டிநாடு என்றவுடன் வெளியூரார்க்கு நினைவில் வருவன வானளாவிய மாளிகைகளும் வணிகமுந்தாம். ஆனால், அந்தச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த ஒருவர், தமிழ்ப் பாட்டுக்கு மேடை அமைத்துத் தந்தார். அவரே அரசர் அண்ணாமலைச் செட்டியார்.

பொருளீட்டுவது அவர் மரபு. அதைக் கல்விக்கு ஈந்தது அவர் சிறப்பு. 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். இருபது இலட்சம் ரூபாய் வழங்கி, 1929இல் அதனைப் பல்கலைக் கழகமாக உயர்த்தினார். அதே ஆண்டில் இசைக் கல்லூரியும் எழுந்தது.

அங்கேதான் ஒரு குறை அவர் நெஞ்சை உறுத்தியது. தமிழ் மாணவர் பயிலும் கல்லூரியில் பாடங்கள் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள்! கச்சேரிகளிலோ தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடா! தாலாட்டையும் நடவுப் பாட்டையும் மட்டுமே கேட்டு வளர்ந்த என் போன்றோர் வீட்டுப் பிள்ளை அந்நாளில் கச்சேரிக்குப் போயிருந்தால், பொருள் விளங்காமலேயே திரும்பியிருப்பான்.

தமிழில் பாட்டு ஏது என்று கேட்டவர் உண்டு. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியும் பாடி வைத்தவை பாட்டல்லவா? பாட்டு இருந்தது; ஆனால் பல பாடல்களின் மெட்டு மறைந்திருந்தது. ஆகவே அரசர் விழாவுக்கு நாள் குறிக்கவில்லை. முதலில் பாட்டைத் தேடச் செய்தார். 1940இல் தமிழ்ப் பாடல்களை வளர்க்க நன்கொடை அளித்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. ஆய்வுக் கூடத்தில் நாம் கண்டதைப் பதிவேட்டில் குறிப்பது போல, பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் எழுதிப் பல்கலைக் கழகம் நூல் நூலாக வெளியிட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. இசைக்கு மொழி வேலி கூடாதென்று சென்னை மியூசிக் அகாடமி மறுத்துரைத்தது. பிறமொழிப் பாடல்களை ஒழிப்பது இயக்கத்தின் நோக்கமன்று. தமிழுக்கு முதலிடம் கேட்டது, அவ்வளவே. இராஜாஜியும், ரசிகமணி டி.கே.சி.யும், ஆர்.கே. சண்முகம் செட்டியாரும், கல்கியும் துணை நின்றனர். தண்டபாணி தேசிகரின் குரலும் துணை வந்தது.

காலமோ போர்க்காலம்! 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. செட்டிநாட்டின் செல்வம் அங்கே சிக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அந்நிலையிலும் அரசர் பின்வாங்கவில்லை. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் செயிண்ட் மேரீஸ் மண்டபத்தில் முதல் தமிழிசை விழா நடந்தது. துக்கடாவாக இருந்த தமிழ், அங்கே கச்சேரியின் தொடக்கமும் நடுவும் முடிவும் ஆயிற்று.

சங்கத்துக்கெனச் சொந்த மண்டபம் 1952இல்தான் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1948 ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். இராஜா அண்ணாமலை மன்றம் என்னும் பெயரில் அவர் நினைவு அங்கே நிற்கிறது.

மேடையும் விளக்கும் மாலையும் ஒரே நாளில் அமைந்துவிடும். பாடுவதற்குப் பாட்டும், பாடக் கற்றவரும் அமைய ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைப் பொறுமையோடு செலவிட்டதே அரசரின் பெருங்கொடை. கல்லூரி விழாக்களுக்கு மேடை ஏறத் துடிக்கும் நண்பர்களே, அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவதும் இதுவே.