கண் பார்வை போச்சு, கணக்கு நிக்கல! யார் இந்த ஆய்லர்?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707-ல் பிறந்தவர் லியோனார்டு ஆய்லர். முப்பது வயதை ஒட்டி ஒரு கண்ணில் பார்வை போச்சு. 1771-ல் செய்த கண்புரை ஆபரேஷனும் கைகொடுக்கல. ஏறக்குறைய எல்லாமே இருட்டு. கணக்கை விட்டாரா? இல்லை!

அடுத்த ஆண்டே 2,14,74,83,647 ஒரு பகா எண்தான் என்று உறுதிசெய்தார். அதாவது, 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் எண். இதற்கு 46,340 வரை வகுத்துப் பார்க்கணும். ஆனால், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்களைச் சோதித்தாலே போதும் என்று கண்டுபிடித்தார் ஆய்லர். வேலை 400 வகுத்தல்களுக்குள் சுருங்கியது.

1783-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறக்கும் வரை அவர் கணக்கை நிறுத்தவே இல்லை.

இன்றும் 32 பிட் நிரல்களில் சாதாரண முழு எண்ணின் உச்சவரம்பு இதுதான். 2014-ல் யூடியூபில் ‘கங்னம் ஸ்டைல்’ வியூஸ் தாண்டியதும் இதே எண்ணைத்தான்!