குன்ம நோய் தீர்க்க வந்த டாக்டர் சாமர்வெல்

மலையும் வயிற்றுவலியும் நம்மவர்க்குப் புதியன அல்ல. திருச்செங்கோட்டில் வாழும் நாம் காலையிற் கண் விழித்ததும் காண்பது செங்கோட்டு மலையே. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி, அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் சந்நிதியை வணங்கி மீள்வதை நம் முன்னோர் பெரும்பேறாகக் கருதினர். அவ்வாறே, உண்டது செரியாமல் நெஞ்செரிந்து, நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் குன்ம நோயாளரும் எக்காலத்தும் நம்மிடையே இருந்து வந்துள்ளனர். திருநாவுக்கரசரைச் சூலை நோய் வருத்திய வரலாற்றை அறியாதார் யார்? உலகின் மிக உயர்ந்த மலையின் முடிக்கருகே சென்றவர் ஒருவர், அங்கிருந்து இறங்கி வந்து, தென்கோடித் தமிழரின் குன்ம நோய்க்குத் தம் ஆயுளின் பெரும் பகுதியை ஒப்புக்கொடுத்தார். அவரே தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ரண வைத்தியர். அவரது சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இளமையும் போர்க்களமும்

இவர் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் குடும்பத்தார் பாதரட்சை செய்து விற்கும் பெருவணிகர். குலத்தொழிலை மேற்கொண்டிருப்பின் குறைவற்ற செல்வத்தில் வாழ்ந்திருப்பார். அவரோ கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் பயின்று, பின்னர் லண்டன் நகரில் வைத்தியக் கல்வியை முடித்தார். ஓவியம் தீட்டுவதிலும் சங்கீதத்திலும் இவருக்கு இருந்த பற்று இறுதிவரை குன்றவில்லை.

முதல் உலகப் போர் மூண்டபோது இவர் பிரான்சு தேசத்திற்குப் படை வைத்தியராகச் சென்றார். 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்த சோம் போரிற் காயமுற்ற வீரர்கள், சிகிச்சைக் கூடாரத்தின் வெளியே ஆயிரக்கணக்கில் தரையிற் கிடத்தப்பட்டிருந்தனர். வைத்தியர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வலியாற் துடித்த அந்நிலையிலும், தம்மை முந்தி எடுக்குமாறு வீரர் எவரும் முண்டியடிக்காததைக் கண்டு இவர் உள்ளம் உருகியது. போரை வெறுக்கும் மனப்பான்மை அன்றே இவரிடம் வேரூன்றிற்று. துன்புற்றோர் பலரும் வைத்தியர் சிலருமாக இருந்த அக்காட்சியை இவர் வாழ்வில் மற்றொரு முறையும் காண நேர்ந்தது.

எவரெஸ்டு மலை

1922ஆம் ஆண்டில் எவரெஸ்டு சிகரத்தை ஏற முயன்ற ஆங்கிலேயர் குழுவில் இவர் சேர்க்கப்பட்டார். மே மாதம் 21ஆம் நாள், மல்லோரி, நார்ட்டன் என்பாருடன், செயற்கைப் பிராணவாயுவின் துணையின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினார். அதுவரை மானிடர் எவரும் அத்துணை உயரம் ஏறியதில்லை. ஆயினும் ஜூன் 7ஆம் நாள் மறுமுறை ஏறுகையில் பனிச்சரிவு உண்டாகிச் சுமையாட்கள் எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் யாவரும் உயிர் தப்பினர். தங்களை நம்பி வந்த ஏழை மக்கள் மட்டும் மடிந்ததும், தங்களில் ஒருவரும் அவர்களோடு மடியாததும் இவர் நெஞ்சை நெடுநாள் உறுத்தின. இக்குழுவினர்க்கு 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற் பதக்கம் வழங்கப்பட்டது.

நெய்யூர் வாயிலில்

அம்முயற்சி முடிந்ததும் ஊர் திரும்பாமல் இவர் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டார். அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததும், 1956ஆம் ஆண்டு முதல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததுமான நெய்யூருக்கு வந்தார். 1838ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷன் சங்கத்தார் வைத்தியப் பணி தொடங்கிய ஊர் அது. அங்கிருந்த டாக்டர் பியூ என்பார் இவருடைய நண்பர். வைத்தியசாலையின் வாயிலிலும் தாழ்வாரங்களிலும் நோயாளிகள் கூட்டங் கூட்டமாய்க் காத்துக் கிடந்தனர். ஒருவர் இருவரால் அவர்கட்கெல்லாம் சிகிச்சை செய்தல் இயலாதென்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிற்று. சோம் போர்க்களக் கூடாரமே மீண்டும் கண்முன் நின்றது போலும்! சின்னாட்கள் நண்பருக்குத் துணையாக ரண சிகிச்சைகள் செய்து பார்த்தார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்பதவியைத் துறந்து, 1923ஆம் ஆண்டில் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

இவர் கிறிஸ்தவ சமயத் தொண்டராகவே வந்தார். அதனை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆயினும் வயிற்று வலிக்குச் சாதியும் சமயமும் இல்லை அன்றோ?

1924ஆம் ஆண்டில் இவர் மீண்டும் எவரெஸ்டு சென்றார். ஜூன் 4ஆம் நாள் ஏறத்தாழ 28,000 அடியில் இவரது தொண்டை இடங்கொடாமையால் நின்றுவிட்டார். உடன் வந்த நார்ட்டன் தனியே 28,126 அடி வரை சென்று மீண்டார். இறங்கும் வழியில் இவர் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு மூச்சு நின்றது. முன்னே செல்லும் நண்பரைக் கூவி அழைக்கவும் குரல் எழவில்லை. சாவு வந்ததென்று பனியில் அமர்ந்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பைப் பலமாக அழுத்தினார். குளிராற் கருகிப்போன தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து வெளியே விழுந்தது, மூச்சும் மீண்டது. நான்கு நாட்களுக்குப் பின் மல்லோரியும் இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று திரும்பாமலே போயினர். சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார்.

நோயும் கத்தியும்

நெய்யூரில் இவர் கண்ட நோய்களுள் தலையாயது, முன்சிறுகுடலில் உண்டாகும் புண்ணே. இதன் தன்மையைச் சிறிது விளக்குவோம். நாம் உண்ணும் உணவு இரைப்பையில் புளிப்பு நீருடன் கலந்து, பின் அதனை அடுத்த முன்சிறுகுடலுள் இறங்குகின்றது. அவ்விடத்திற் புண் உண்டானால் வலி தோன்றும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். மீண்டும் மீண்டும் புண்ணாகி ஆறுவதால் வழியே குறுகி அடைபடும். தென்னாட்டில் இத்தகைய அடைப்பு மிகுதி. உண்ட உணவு இறங்க வழியின்றி இரைப்பை பானைபோல் வீங்கும். நோயாளி உண்டதையெல்லாம் கக்கி, எலும்புந் தோலுமாய் மெலிவான்.

மண்மேடிட்டு அடைபட்ட மதகுக்குப் பக்கத்தே வேறொரு கால்வாய் வெட்டி நீரை வயலுக்கு விடும் வேளாளனைப் போல, ரண வைத்தியர் இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைத்துத் தைத்து, புதுவழி உண்டாக்குவர். இச்சிகிச்சையை இவரும் இவருடைய துணைவர்களும் நெய்யூரில் மிகப் பல நோயாளிகட்குச் செய்தனர். பட்டினியாற் சாகக் கிடந்தவர்கள் வயிறார உண்டு, மீண்டும் கலப்பை பிடிக்கச் சென்றனர்.

ஆனால் இதிலும் ஓர் இடர் உண்டு. இரைப்பையின் புளிப்பு நீர், அதற்குப் பழகாத குடலில் நேரே விழுவதால், இணைத்த இடத்திலேயே சிலருக்குப் புதுப் புண் தோன்றும். இதற்கஞ்சி மேனாட்டு வைத்தியர் பலர் இரைப்பையின் பெரும் பாகத்தையே அறுத்தெடுக்கலாயினர். உடல் நலிந்த ஏழை உழவனுக்கு அத்துணைப் பெரிய அறுவை தகுமா? இரைப்பையை அறுக்காமலே அதன் புளிப்பைக் குறைக்க வழியுண்டா என்று இவர் ஆராய்ந்தார். இரைப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் முக்கிய நாடிகளைக் கட்டிவிட்டாற் புளிப்பு நீர் சுரப்பது குறையும் என்று கண்டு, அம்முறையை 1945ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ரண வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். காலப்போக்கில் வேறு முறைகள் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும், வசதியற்ற நோயாளியின் உடல் தாங்கவல்லது யாது என்பதையே அளவுகோலாக வைத்து ஆராய்ந்த அவரது கருணை நம்மால் மறக்கற்பாலதன்று. 1948ஆம் ஆண்டில் இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் ரண சிகிச்சை பற்றி இவர் எழுதிய நூலும் வெளிவந்தது.

காரணம் யாது?

ஒரு நோயாளியைக் குணமாக்கி அனுப்பினால் அதே கிராமத்திலிருந்து வேறிருவர் வருகின்றனர். கத்தி நோயைத் தீர்க்கலாம். நோயின் ஊற்றை அடைக்குமா? இவ்வினா இவரையும், இவருடன் பணியாற்றிய டாக்டர் ஆர் என்பாரையும் விடவில்லை. இருவரும் சேர்ந்து 1936ஆம் ஆண்டில், இந்நோயின் காரணத்தையும் தன்மையையும் சிகிச்சையையும் பற்றி விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டனர்.

வடநாட்டில் கோதுமை உண்பவரிடம் அரிதான இந்நோய், தெற்கே அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் உண்பவரிடம் மலிந்திருந்தது. திருவிதாங்கூர் ஏழைகளின் முக்கிய உணவு மரவள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சம் போக்கப் பரப்பிய பயிர் அது. குன்னூரில் உணவாராய்ச்சி செய்த மக்காரிசன் என்பார், எலிகளுக்குப் பல்வேறு நாட்டாரின் உணவை ஊட்டிச் சோதித்தார். திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்ட எலிகளின் இரைப்பையிற் புண் மிகுதியாகவும், சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்டவற்றில் அதனிற் குறைவாகவும் காணப்பட்டன. சீக்கியரின் உணவை உண்ட எலிகளுக்கோ புண்ணே இல்லை. இதனை அவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் டாக்டர் ஆரும் ராதாகிருஷ்ண ராவும் குன்னூரில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து 1939ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். புகையிலையுடன் வெற்றிலை மெல்லும் வழக்கத்தால் உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றியும் டாக்டர் ஆர் 1933ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்தார்.

மரவள்ளி வயல்களும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் இது கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. கிழங்கு மட்டுமே உணவாகிப் பருப்பும் பாலும் காய்கறியும் இல்லாமற் போன வறுமையையே அவ்வாராய்ச்சி சுட்டியது.

பின்னாளில் வெளிப்பட்ட உண்மை

சாமர்வெல் கால் நூற்றாண்டு நெய்யூரில் உழைத்த பின், 1949ஆம் ஆண்டளவில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்குச் சென்று, 1961ஆம் ஆண்டு வரை இளைஞர்கட்கு ரண சிகிச்சை கற்பித்தார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் தம் தாய்நாட்டிற் காலமானார். ஏழாண்டுகள் கழித்து, 1982இல், ஆஸ்திரேலியா தேசத்து வாரன், மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் கிருமியொன்றே இப்புண்ணுக்குப் பெருங்காரணம் என்று கண்டறியும் நிலையை எய்தினர். பிறர் நம்பாமை கண்டு, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக் காட்டினார். 2005ஆம் ஆண்டில் இருவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது. கத்தியின்றி, இரு வார மாத்திரைகளால் இந்நோய் பெரும்பாலும் தீரலாயிற்று.

அங்ஙனமாயின் சாமர்வெல்லின் உழைப்பு வீணோ என்று சிலர் வினவலாம். வீணன்று என்போம். மாத்திரை கண்டுபிடிக்கப்படும் வரை நோயாளி காத்திருக்க இயலாது. அன்று தெரிந்த வழியால் அன்றைய உயிரைக் காத்தவர் அவர். மேலும், கிருமி வடக்கிலும் தெற்கிலும் இருக்க, நோய் மட்டும் தெற்கில் மிகுந்தது ஏன் என்ற வினா இன்றும் முற்றத் தீரவில்லை. மைசூரில் ரண வைத்தியராயிருந்த டோவி என்பாரும் அவர் துணைவரும் பின்னாளில் இதனை ஆராய்ந்து, சில தானியங்களில் இரைப்பையைக் காக்கும் கொழுப்புப் பொருள் உண்டென எலிகளிடம் கண்டனர். அவற்றுள் நம் கொங்கு நாட்டுக் கொள்ளும் ஒன்று. கொள்ளே மருந்தென்று நாம் முடிவு கட்டலாகாது. ஆனால் உணவைப் பற்றிய அப்பழைய வினாவின் பயன் அற்றுப்போகவில்லை என்பதற்கு இது சான்று.

அன்பர்களே! வயிற்றுவலியை விதியென்றும் சூடென்றும் ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்து, கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குவோர் நம்மிற் பலர். அவ்வலிமாத்திரைகளிற் பலவும் இரைப்பையைப் புண்ணாக்கவல்லவை. புகையிலையும் புண்ணை ஆறவிடாது. காலத்தில் வைத்தியரை நாடின் இன்று எளிதில் நலம் பெறலாம். நம் இளைஞர்கட்கும் ஒன்று கூறுவோம். முடிக்கு ஆயிரம் அடி எஞ்சியிருக்கையில் திரும்ப நேர்ந்தவர் சாமர்வெல். நோயின் மூலகாரணத்தை அறியாமலே மறைந்தவரும் அவரே. இரண்டிலும் உச்சியைக் காணாத அவர், இரண்டிலும் தம்மால் இயன்ற மட்டும் சென்றார். எஞ்சிய தூரத்தைப் பின் வந்தோர் ஏறினர். செங்கோட்டு மலைப்படிகளும் ஒருவரே ஒரு நாளிற் செதுக்கியவை அல்லவே!