கணக்கில் நாளையைக் கண்டவர்

கணக்கு என்றால் நடந்து முடிந்ததை எழுதி வைப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் சென்ற ஆண்டின் கதையைத்தான் சொல்கின்றன. ஆனால், நாளை செய்ய வேண்டியதற்கும் கணக்கே வழிகாட்டும் என்று வகுப்பறையில் கற்பித்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஓ. மெக்கின்சி.

மிசௌரி மாநிலத்தில் காமா என்னும் சிற்றூரில் 1889ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். முதலில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பின் சட்டம் பயின்றார். கணக்குப் பதிவியல் கற்பித்தார். முதல் உலகப் போரின்போது இராணுவத் தளவாடப் பிரிவில் பணியாற்றினார். கணக்காயர் தேர்விலும் வென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் ஆசிரியராக விளங்கினார்.

அமெரிக்க அரசுக்கு முறையான பட்ஜெட் வேண்டும் என்று 1921இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே, வணிக நிறுவனங்களுக்கு அந்த வழியைக் காட்டும் ‘பட்ஜெட் கட்டுப்பாடு’ என்ற நூலை மெக்கின்சி வெளியிட்டார். 1924இல் ‘மேலாண்மைக் கணக்கியல்’ என்ற பாடநூலும் வந்தது. பேரேட்டில் பதிவு செய்யக் கற்ற மாணவர், அந்த எண்களைக் கொண்டு நிர்வாகம் செய்யவும் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அவர் காட்டிய முறை எளியது. முதலில் எவ்வளவு விற்கும் என்று மதிப்பிட வேண்டும். அதற்கேற்ப உற்பத்தியையும், உற்பத்திக்கேற்ப மூலப்பொருளையும் கூலியையும், இறுதியில் தேவைப்படும் ரொக்கத்தையும் திட்டமிட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். திட்டத்தையும் நடப்பையும் அவ்வப்போது ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தை அவரிடம் கேட்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத எண்ணால் எதையும் கட்டுப்படுத்த இயலாது அன்றோ!

1926இல் அவர் தம் பெயரால் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் பல நாடுகளில் இயங்கி வருகிறது.

பாடம் சொன்னவருக்கே சோதனையும் வந்தது. சிகாகோவின் புகழ்பெற்ற மார்ஷல் ஃபீல்டு வணிக நிறுவனம் நட்டத்தில் தத்தளித்தது. 1935இல் அதன் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். இலாபம் தராத மொத்த வியாபாரப் பிரிவை மூடினார். கணக்கின்படி அது சரியான முடிவே. ஆயினும் பலர் வேலை இழந்தனர். கசப்பும் எதிர்ப்பும் அவரைச் சூழ்ந்தன. ஓயாத உழைப்பால் களைத்திருந்த அவர், 1937 நவம்பர் 30ஆம் நாள் நிமோனியா காய்ச்சலால் மறைந்தார். அப்போது வயது 48தான்.

வணிகவியல் பயிலும் நண்பர்களே! அவர் நூல்கள் நமக்கு முறையைக் கற்பிக்கின்றன. அவருடைய கடைசி ஈராண்டுகள் அம்முறையை எத்துணைப் பொறுப்புடன் கையாள வேண்டும் என்பதைக் கற்பிக்கின்றன. பட்ஜெட் ஏட்டில் ஒரு வரியை அடித்துவிடுவது எளிது. அந்த வரிக்குப் பின்னே குடும்பங்கள் இருக்கின்றன. நாளை நாம் அதிகாரிகளாக அமர்ந்து பேனாவை எடுக்கும்போது, எண்களோடு அவர்களையும் எண்ணிப் பார்ப்போமாக!