அரங்கின் ஒலியை அளந்தவர்

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதன் விரிவுரை அரங்கம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது, காதுக்குத்தான் பயன்படவில்லை. மேடையில் எழுந்த ஒலி அடங்க ஐந்தரை நொடிக்கு மேலாயிற்று. நிறுத்தி நிதானமாகப் பேசுபவர்கூட அந்நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து அசைகளை உச்சரித்துவிடுவார். முன்சொன்ன அசைகள் மறையுமுன்னே பின்சொன்னவை வந்து கலந்தன. குரலை உயர்த்தினால் குழப்பமும் உடன் உயர்ந்தது. பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் இக்குறையைக் களையுமாறு இயற்பியல் துறையைக் கேட்டுக்கொண்டார். அப்பணி இருபத்தேழு வயது நிரம்பிய இளம் ஆசிரியர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவரே வாலஸ் கிளமெண்ட் சபைன்.

சபைன் 1868ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் ரிச்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினெட்டாம் வயதிலேயே பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக ஹார்வர்டு சென்று, அங்கேயே ஆசிரியரானார். முனைவர் பட்டத்திற்காக அவர் ஆய்வேடு எதுவும் எழுதியதில்லை. ஒலியியலில் அவருக்கு முன்பயிற்சியும் இல்லை.

அக்காலத்தில் அரங்கின் ஒலிநலம் தற்செயலாக வாய்ப்பதாகவே கருதப்பட்டது. ஒலி சரியில்லாத மண்டபங்களில் கூரைக்குக் கீழே கம்பிகளை இழுத்துக் கட்டிப் பார்த்தனர். புகழ்பெற்ற பழைய அரங்கின் நீள அகலங்களை அப்படியே பின்பற்றியவர்களும் உண்டு. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்த கதைதான் அது. சபைன் வேறொரு வினாவை எழுப்பினார். சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும் ஒலி எங்கே சென்று மறைகிறது? சுவரும் தரையும் இருக்கையும் மனிதரும் அதைச் சிறிது சிறிதாக உட்கவர்கின்றனர் என்றால், அந்த உட்கவர்தலை அளக்க முடிய வேண்டும் அல்லவா?

அளப்பதற்கு அவரிடம் இருந்த கருவிகள் எளியவை: நொடிக்கு 512 அதிர்வுகள் எழுப்பும் ஓர் ஆர்கன் குழாய், நேரத்தைப் பதியும் கருவி, தம் செவி. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஆய்வுக்கூடத்திற்கு வந்துசேராத காலம் அது. குழாயின் ஒலியை நிறுத்தி, செவிக்கு முற்றிலும் கேட்காமற்போகும் கணம் வரை அவர் நேரத்தைக் குறித்தார். பகலில் தெருவோசை இடையூறு செய்தது. எனவே நள்ளிரவுக்குப் பின் விடியும் முன்னரே சோதனைகள் நடந்தன. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை அவரும் உதவியாளர்களும் இரவில் சுமந்து வந்து, விரித்து, அளந்து, காலைக்குள் மீண்டும் அதனதன் இடத்தில் வைத்தனர். மெத்தைகள் கூடக் கூட ஒலி விரைந்து அடங்கியது. வெற்று அரங்கில் 5.62 நொடி நீடித்த ஒலி, மெத்தைகளை எல்லாம் கொண்டு நிரப்பியபோது 1.14 நொடியில் அடங்கிற்று.

ஒரு கட்டத்தில் அளவுகள் சிறிதளவு முன்னுக்குப் பின் முரணாக வந்தன. காரணத்தைத் தேடியவர் தம் உடையே அதுவெனக் கண்டார். அவர் அணிந்த ஆடை மாறும்போது அது உட்கவரும் ஒலியின் அளவும் மாறியிருந்தது. வேறுபாடு மிகச் சிறியது. வேறொருவர் பொருட்படுத்தாமல் விட்டிருப்பார். சபைனோ ஆயிரக்கணக்கான அளவீடுகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அதன்பின் எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே வகை உடையையே அணிந்தார்.

ஆண்டுகள் உருண்டன. எலியட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல விரிவுரை அரங்கம்; சபைன் தேடியதோ எல்லா அரங்கங்களுக்கும் பொருந்தும் விதி. தலைவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, சுவரின் சில பகுதிகளில் விலங்கு மயிராலான தடித்த விரிப்புகளைப் பொருத்தி அவ்வரங்கைப் பயன்படத்தக்கதாக்கினார். விதி மட்டும் கைக்கு வரவில்லை.

அப்போது பாஸ்டன் நகரின் இசைப் புரவலர் ஹென்றி லீ ஹிக்கின்சன் புதிய இசையரங்கம் ஒன்றை எழுப்ப முற்பட்டார். எலியட் சபைனின் பெயரைப் பரிந்துரைத்தார். பெரும்பொருட்செலவில் எழும் கட்டடத்தின் ஒலி பிழைபட்டால் பின்னர் இடித்துக் கட்டவா இயலும்? உறுதியான விதியின்றிப் பொறுப்பேற்கச் சபைன் தயங்கினார். 1898ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஓரிரவு பழைய குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்துகொண்டிருந்தவர், அளவுகள் அனைத்தும் ஓர் அதிபரவளையத்தில் அமைவதைக் கண்டு வியந்து, தம் தாயாரிடம் அதைக் கூறினாராம். எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அதிலுள்ள பொருள்களின் மொத்த ஒலி உட்கவர்திறனுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதே அவ்விதி. மீட்டர் அளவில் கணக்கிட்டால், கன அளவை உட்கவர்திறனால் வகுத்து ஏறத்தாழ 0.16ஆல் பெருக்கினால் நேரம் நொடியில் கிடைக்கும். வெளியே செல்லும் ஒலி திரும்பி வருவதில்லை என்பதால், திறந்த சாளரத்தின் பரப்பையே உட்கவர்திறனுக்கு அலகாகக் கொண்டார்.

தயக்கம் நீங்கியது. பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று திறக்கப்பெற்றது. வரைபடத்திலேயே ஒலி கணக்கிடப்பட்டு எழுந்த முதல் இசையரங்கம் அது. நீள்சதுர வடிவும், ஆழம் குறைந்த மாடங்களும், சிலைகள் நின்ற சுவர்களும் ஒலியைச் சிதறச்செய்து எங்கும் பரப்பின. தொடக்கத்தில் விமரிசகர் சிலர் குறைகூறினர். சபைன் முன்கணித்த 2.31 நொடியும் துல்லியமானதன்று; மக்கள் நிறைந்த அரங்கில் ஒலி அதனினும் விரைந்து அடங்குவதைப் பிற்கால அளவீடுகள் காட்டின. ஆனால் வியன்னா, ஆம்ஸ்டர்டாம் நகர்களின் இசையரங்கங்களோடு ஒருங்கே வைத்துப் போற்றப்படும் தகுதியை அவ்வரங்கம் பெற்றது.

ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. ஒரே பொருள் எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் உட்கவர்வதில்லை என்பதையும் அவர் அளந்து காட்டினார். மென்பொருள்கள் உயர்ந்த சுருதியை எளிதில் விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதியைப் பெரிதும் விட்டுவிடும். இன்று பளிங்குத் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட கூடத்தில் வீட்டுத் திரையரங்கு அமைப்போர் இதை நாள்தோறும் காண்கின்றனர். திரைப்படத்தின் உரையாடல் தெளிவின்றிக் கேட்டால் ஒலிபெருக்கியை மாற்றுகின்றனர், ஓசையைக் கூட்டுகின்றனர். குற்றம் பெரும்பாலும் அறையினுடையது. கம்பளமும் கனத்த திரைச்சீலையும் உரையாடலைத் தெளிவாக்கிய பின்னும் தாழ்சுருதி முழக்கம் எஞ்சுவது, மெல்லிய துணி அதற்கு ஈடுகொடுக்காமையால்தான்.

ரஃபேல் குவாஸ்டவினோ என்னும் கட்டடக் கலைஞருடன் இணைந்து, தேவாலயங்களுக்கென ஒலியை உட்கவரும் ஓடுகளையும் சபைன் உருவாக்கினார். முதல் உலகப்போர் அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே இழுத்தது. ஐரோப்பாவில் நிவாரணப் பணியிலும், பின்னர் தம் நாட்டின் வானூர்திப் பணியிலும் ஓய்வின்றி உழைத்தார். சிறுநீரக நோய் முற்றியபோதும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். 1919ஆம் ஆண்டு ஜனவரி 10 அன்று, அறுவை சிகிச்சைக்குப் பின், ஐம்பதாம் வயதில் காலமானார். இல்லினாய் மாநிலத்தின் ஜெனீவா நகரில் அவருக்கெனவே எழுப்பப்பட்டிருந்த ரிவர்பேங்க் ஒலியியல் ஆய்வுக்கூடத்தை அவருடைய உறவினர் பால் சபைன் ஏற்று நடத்தினார். சிதறிக்கிடந்த கட்டுரைகள் 1922இல் நூலாக வெளிவந்தன. அவர் திறந்த சாளரத்தைக் கொண்டு வகுத்த அலகு இன்று அவர் பெயராலேயே சபின் என வழங்கப்படுகிறது.