டோக்குஜிரோ நமிகோஷி

டோக்குஜிரோ நமிகோஷி (நவம்பர் 3, 1905 - செப்டம்பர் 25, 2000) ஜப்பானைச் சேர்ந்த கைமுறைச் சிகிச்சையாளர் ஆவார். விரல்களால் உடலை அழுத்தி அளிக்கப்படும் ஷியாட்சு என்னும் சிகிச்சையைப் பரப்பியவர். அதற்கெனப் பள்ளி நிறுவியவர். ஜப்பானிய மொழியில் ஷி என்பது விரலையும் அட்சு என்பது அழுத்தத்தையும் குறிக்கும். இவரை ஷியாட்சுவின் தந்தை எனப் பலர் அழைப்பினும் அப்பட்டம் முழுமையாகப் பொருந்துவதன்று.

இளமை

ஷிக்கோக்கு தீவின் காகவா மாகாணத்தில் தடோட்சு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய ஏழாம் வயதில் குடும்பம் வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள ருசுத்சு என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. மிதமான கடலோரத்திலிருந்து கடும்பனி பொழியும் நிலத்துக்கு வந்த சிறிது காலத்தில் தாய் மாசா மூட்டுவலியால் படுக்கையில் விழுந்தார். முழங்காலில் தொடங்கிய வலி கணுக்கால், மணிக்கட்டு, தோள் எனப் பரவியது. ஊரில் மருத்துவர் இல்லை. பிள்ளைகள் முறைவைத்துத் தாயின் உடலைத் தடவியும் அழுத்தியும் விட்டனர். டோக்குஜிரோவின் கையே இதமாக இருப்பதாகத் தாய் கூறியதால் அப்பணி பெரிதும் இவருக்கே வந்து சேர்ந்தது. தோலின் வெப்பமும் தசையின் இறுக்கமும் இடத்துக்கு இடம் மாறுபடுவதை உணர்ந்த இவர், தடவுவதைக் குறைத்து அழுத்துவதைக் கூட்டினார். முதுகெலும்பின் இருபுறமும் இடுப்பை ஒட்டிய பகுதியை அழுத்திவரத் தாய் நலமடைந்தார் என்பது நமிகோஷியே பின்னாளில் கூறிய வரலாறு.

அவ்வழுத்தம் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி, அழற்சியைத் தணிக்கும் இயக்குநீரைச் சுரக்கச் செய்தது என்று அவரது மரபினர் விளக்குவர். இது பிற்காலத்தில் பொருத்திப் பார்த்த விளக்கமே. மூட்டழற்சி நோய்கள் தாமாகவே தணிந்து மீண்டும் கூடக்கூடியவை என்பதால், ஒருவர் குணமானதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

தொழில்

அன்மா என்னும் ஜப்பானிய மரபுப் பிடித்துவிடும் முறையையும் மேற்கத்திய மசாஜையும் கற்றபின், 1925 இல் ஹொக்கைடோவின் முரோரான் நகரில் தமது முதல் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். 1933 இல் டோக்கியோவுக்குச் சென்ற நமிகோஷி, 1940 இல் அங்கு ஷியாட்சு பயிற்சிக் கழகத்தை நிறுவினார்.

அக்காலத்தில் அழுத்தச் சிகிச்சையில் ஈடுபட்டவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். தமாய் தெம்பெக்கி என்பவர் 1939 இல் ஷியாட்சு முறை பற்றித் தனி நூலே வெளியிட்டிருந்தார். சிதறிக் கிடந்த கைப்பழக்கத்தைப் பாடத்திட்டமாக்கியதே நமிகோஷியின் தனிப் பங்களிப்பு.

சட்டச் சிக்கல்

இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அன்மா, அக்குபங்சர், சூட்டுச் சிகிச்சை முதலியவற்றை உரிமத்துக்கு உட்படுத்தியது. அப்பட்டியலில் ஷியாட்சு இல்லை. பட்டியலில் இல்லாத முறைகளில் ஏற்கனவே ஈடுபட்டிருந்தோர், பதிவு செய்துகொண்டு 1955 இறுதிவரை மட்டுமே தொழிலைத் தொடரலாம் என்றாயிற்று. அதாவது, ஷியாட்சுவை நம்பிப் பிழைத்தோருக்கு எட்டே ஆண்டுகள் தவணை. காலக்கெடு முடியவிருந்த 1955 இல் சட்டம் திருத்தப்பட்டு, அன்மா என்ற சொல்லுக்குள் ஷியாட்சுவும் அடங்கும் என ஏற்கப்பட்டது. தொழில் தப்பியது, தனிப்பெயர் கிடைக்கவில்லை. 1957 இல் நமிகோஷியின் பள்ளி நலத்துறை அமைச்சின் ஏற்பைப் பெற்றது. 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஷியாட்சு என்ற பெயர் சட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது. எனினும் அன்மா, மசாஜ், ஷியாட்சு மூன்றுக்கும் ஒரே உரிமமே வழங்கப்படுகிறது. பல நூற்றாண்டுகளாக அன்மா பார்வையற்றோரின் வாழ்வாதாரமாக இருந்ததால், பார்வையுள்ளோருக்கான புதிய மசாஜ் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதியும் அதே 1964 இல் சேர்க்கப்பட்டது. அவ்விதி செல்லும் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது.

முறை

நமிகோஷியின் முறையில் எண்ணெயோ கருவியோ பயன்படுத்தப்படுவதில்லை. மெல்லிய ஆடையின் மேலாகவே கட்டைவிரல், பிற விரல்கள், உள்ளங்கை ஆகியவற்றால் தோலுக்குச் செங்குத்தாக ஒவ்வோர் இடத்திலும் சில வினாடிகள் அழுத்துவர். விரலின் வலிமையால் அன்றி உடலின் எடையைச் சாய்த்தே அழுத்தம் தரப்படும். சீன மருத்துவத்தின் ஆற்றல் நாடிகளை இவர் அடிப்படையாகக் கொள்ளவில்லை. தசை, நரம்பு, எலும்பு ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே அழுத்தப் புள்ளிகளை வகுத்தார். தசை இறுக்கம் தளரவும் மனம் அமைதியுறவும் இச்சிகிச்சை உதவலாம். நோய்களைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை.

புகழ்

1953 இல் ஐக்கிய அமெரிக்கா சென்று தம் முறையை அறிமுகப்படுத்தினார். 1954 இல் தேனிலவுக்காக டோக்கியோ வந்த நடிகை மர்லின் மன்றோ வயிற்றுவலியால் துன்புற்றபோது, இம்பீரியல் ஓட்டலில் அவருக்குச் சிகிச்சை அளித்தார். தொலைக்காட்சியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி உரக்கச் சிரிக்கும் முதியவராகவே ஜப்பானியர் பலர் இவரை நினைவுகூர்வர்.

மகன் டோரு நமிகோஷி வெளிநாடுகளில் ஷியாட்சு கற்பித்தார். தந்தைக்கு முன்பே காலமானார். இவரது பள்ளியில் கற்பித்த ஷிசுத்தோ மசுனாகா (1925 - 1981), தம் ஆசான் ஒதுக்கிவைத்த ஆற்றல் நாடிக் கொள்கையை மீண்டும் சேர்த்துத் தனி மரபொன்றை உருவாக்கினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஷியாட்சு என்ற பெயரில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி மசுனாகாவின் வழியைச் சார்ந்ததாகும்.