வெறுங்கையோடு கடல் கடந்த வாஸ் சுவாமியார்

பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் அது அதிக தூரமில்லை. மகிமை மாதா கோவிலில் செபித்துவிட்டுச் சற்று நடந்தால் ஒல்லாந்தரின் பழைய கல்லறைத் தோட்டம் கண்ணில் படும். வாசலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. 1613-ம் ஆண்டு அவர்கள் கட்டிய கெல்திரியாக் கோட்டையோ இன்று மண்மேடும் புதருமாய்க் கிடக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஒல்லாந்துக் கும்பெனியின் தலைமை இடம் இதுவே. 1690-ம் ஆண்டில்தான் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறிற்று.

அந்தக் கும்பெனிக்கு அன்று பணத்துக்குக் குறைவில்லை. கப்பலுக்கும் பீரங்கிக்கும் குறைவில்லை. அதே கும்பெனியின் ஆட்சிக்குள், மடியில் காசின்றி, காலில் செருப்பின்றி, ஒரு கூலியாளின் உடையில் நுழைந்தார் ஒரு குருவானவர். இன்று பீடங்களில் வணக்கம் பெறுகிறவர் அவரே. அவருடைய சரித்திரத்தைத்தான் இந்த வாரம் உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுகிறோம்.

சூசை வாஸ் கோவாவிலுள்ள பெனவுலிம் ஊரில் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தார். கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பம். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் ஏழைகளைப்போல் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். மறு ஆண்டு, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனமே எழுதிக் கையெழுத்திட்டார். அடிமைக்குச் சொந்தச் சொத்து ஏது? அவனுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்வது எசமானியின் பொறுப்பல்லவா? வாஸ் சுவாமியாரின் நம்பிக்கைக்கெல்லாம் அதுவே வேர்.

அந்நாட்களில் இலங்கையிலிருந்து வந்த செய்தி கோவாவில் பலருடைய நெஞ்சை வருத்திற்று. ஒல்லாந்தர் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். குருமாரைத் துரத்திவிட்டார்கள். கோவில்களைத் தங்கள் மதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்க குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆண்டுகள் கடந்தன. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, சாகிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. பெற்றோர் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்ததால்தான் விசுவாசம் அணையாமல் இருந்தது.

அங்கே போக உத்தரவு வேண்டுமென்று வாஸ் சுவாமியார் 1681-ல் கேட்டார். ஆனால் மேலதிகாரிகள் அவரைக் கானரா நாட்டு மிஷனுக்கு அனுப்பினார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. மங்களூர்ப் பக்கத்தில் மூன்று ஆண்டுகள் உழைத்தார். தேவ பராமரிப்பை நம்புகிறவன் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறவனல்ல, அனுப்பப்படும் வரை காத்திருக்கிறவன் என்பதை நம் இளைஞர் கவனிக்கட்டும்.

பிறகு கோவா திரும்பி, 1685-ல் சில குருமாரோடு சேர்ந்து அர்ச்சியசிஷ்ட பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றும் சபையில் தலைவரானார். இனி மடத்தில் அமைதியாய்க் காலங்கழிக்கலாம். கௌரவமும் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. ஆனால் 1686-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தலைமையை விட்டிறங்கி இலங்கைக்குப் புறப்பட்டுவிட்டார். அவரை அனுப்பிவைக்க எந்த அரசனும் இல்லை. மாதந்தோறும் பணம் அனுப்ப எந்தச் சங்கமும் இல்லை. மேற்குக் கரையோரமாய் இறங்கித் தூத்துக்குடி வந்து சேர ஓராண்டு பிடித்தது. கடைசியில் அவரோடு கடல் கடந்தவர் யுவான் என்ற உண்மையுள்ள பணியாள் ஒருவரே. பூசைக்குரிய பாத்திரங்களை மறைத்து எடுத்துக்கொண்டு, கூலியாட்களைப்போல் உடுத்தி, 1687-ல் இருவரும் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள்.

சர்வேசுரன் தம் ஊழியனை அங்கே எப்படி வரவேற்றார் என்று நினைக்கிறீர்கள்? சம்மனசுகள் அப்பம் கொண்டுவரவில்லை. வந்ததும் வராததுமாய்ச் சுவாமியார் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். தெரிந்தவர் இல்லை, வைத்தியத்துக்குப் பணமில்லை, படுக்க வீடில்லை. இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து ஊற்றிய கஞ்சி அவருடைய உயிரைக் காத்தது என்று சரித்திரம் சொல்லுகிறது. அவள் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அந்தக் கஞ்சிக் கலயம் இல்லாவிட்டால் இலங்கைத் திருச்சபையின் கதை வேறாகியிருக்கும்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் பிச்சைக்காரராய் வீடு வீடாய்ப் போனார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய் திறந்து கேட்டால் காட்டிக்கொடுக்கப்படுவார். ஆகையால் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டார். பிச்சை போடுகிறவர்களின் கண் அந்தச் செபமாலையில் எப்படித் தங்குகிறது என்று பார்த்தார். ஒரு வீட்டில் அதைக் கண்டு முகம் மலர்ந்தது. அந்த வீட்டார் நம்பத்தக்கவர் என்று நிச்சயமானபின், தாம் குரு என்பதை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாய்க் குருவின் முகம் காணாதவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்!

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் அவரைச் சில்லாலைக் கிராமத்தில் மறைத்து வைத்தார்கள். பகலில் ஒளிந்திருப்பார், இரவில் பூசை, ஞானஸ்நானம், விவாகம், பாவசங்கீர்த்தனம். அவருக்குச் சோறிட்ட ஒவ்வொரு தாயும், கட்டளை என்ன, தண்டனை என்ன என்று அறிந்தே சோறிட்டாள். 1689-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அந்தத் தண்டனை வீட்டு வாசலுக்கே வந்தது. பூசைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் கும்பெனிச் சிப்பாய்கள் பாய்ந்து ஏறத்தாழ 200 பேரைப் பிடித்தார்கள். பலருக்கு அபராதம், சிலருக்குக் கசையடி, ஒருவர் அந்த அடியினாலேயே உயிர்விட்டார். சுவாமியார் மட்டும் தப்பினார். அவரைக் காட்டிக்கொடுத்துத் தங்களைக் காத்துக்கொள்ள அந்த மக்கள் நினைக்கவில்லை.

இங்கே சற்று நிறுத்தி யோசியுங்கள். வாஸ் சுவாமியார் சர்வேசுரனை நம்பிப் புறப்பட்டார் என்று சொல்லுவது எளிது. அந்த நம்பிக்கை வீண்போகாதபடி செய்தவர்கள் யார்? பயந்து பயந்து கதவு திறந்த குடும்பங்கள் அல்லவா? தேவ பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஓர் ஏழை வீட்டின் அடுப்படியிலிருந்துதான் வருகிறது. சேசுநாதர் தம் சீடரைப் பையும் பணமுமின்றி அனுப்பியபோது, அவர்களை ஏற்றுக்கொள்ளும் வீடுகளைப்பற்றியும் கூடவே சொன்னாரே, கவனித்தீர்களா? புறப்படுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு; வீட்டிலிருப்பவனுக்கும் ஒரு கடமை உண்டு.

யாழ்ப்பாணத்தில் இனி இருக்க முடியாது என்றானபோது சுவாமியார் 1690-ல் புத்தளம் போனார். அங்கிருந்து 1692-ல் கண்டி ராச்சியத்துக்கு நடந்தார். கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். அவனிடம் யாரோ இவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று கோள் மூட்டிவிட்டார்கள். விலங்கு பூட்டி இழுத்துப்போய்க் காவலில் வைத்தார்கள். பாடுபட்டு வந்ததெல்லாம் பாழாயிற்று என்று நீங்களும் நானும் அழுதிருப்போம். சுவாமியார் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காவலையே பள்ளிக்கூடமாக்கிச் சிங்களம் படித்தார். கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டு தளர்ந்ததும், காவலிலேயே ஓலைக் குடிசை ஒன்றைக் கோவிலாக்கினார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் அவரைத் தேடி வந்தார்கள். ஒல்லாந்தர் நுழைய முடியாத இடம் இலங்கையில் ஒன்று உண்டானால், அது கண்டி மன்னனின் காவல்தான்! மறைந்து மறைந்து ஓடியவருக்குச் சர்வேசுரன் சிறையையே அரணாக்கித் தந்தார்.

1696-ல் கண்டிச் சீமையில் மழை பொய்த்துக் கடும் வறட்சி. மன்னன் இவரையும் செபிக்கும்படி கேட்டான். நடுமைதானத்தில் பீடமும் சிலுவையும் நாட்டி முழங்காலிட்டுச் செபித்தார். பெருமழை பெய்ததென்று சரித்திரம் கூறுகிறது. அதன்பின் மன்னனின் தயவு அவருக்குக் கிட்டிற்று. கிறிஸ்தவ அரசர் ஒருவரும் துணைக்கு வராத இடத்தில், பௌத்த மன்னனே அவருடைய காவலனானான். சர்வேசுரனின் உதவி எந்தத் திசையிலிருந்து வருமென்று நாமா சொல்ல முடியும்?

ஆயினும் ஒன்றை மறக்கவேண்டாம். இத்தனை காலமும், ஏறத்தாழ பத்து ஆண்டுகள், அந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. கோவாவிலிருந்து துணைக் குருமார் வந்து சேர்ந்தபின்னும் ஓய்வு கிடைக்கவில்லை. 1697-ல் கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னனும் பிரபுக்களும் ஊரை விட்டகன்றார்கள். நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டு ஓடினார்கள். வாஸ் சுவாமியாரும் அவருடைய மருமகனான கர்வாலியோ சுவாமியாரும் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்த மதம் என்று கேட்கவில்லை. அன்று ஒரு பெண் ஊற்றிய கஞ்சியை அவர் எத்தனை நூறு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் பாருங்கள்!

மேற்றிராணியார் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். 1705-ல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் வேத நூல்கள் எழுத ஊக்கமளித்தார். 1711-ம் ஆண்டு சனவரி 16-ந் தேதி கண்டியில் மோட்சத்துக்குப் போனார். வயது அறுபது நிறையவில்லை. சொத்து எதுவும் விட்டுப்போகவில்லை. தீவு முழுவதும் உயிர்பெற்ற திருச்சபையை விட்டுப்போனார். அவருக்கு முத்திப்பேறு பட்டத்தை 1995-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், அர்ச்சியசிஷ்டவர் பட்டத்தை 2015-ல் பிரான்சிஸ் பாப்பானவரும், கொழும்பு நகரிலேயே வழங்கினார்கள்.

கிறிஸ்தவப் பெற்றோரே, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சிப்காட்டில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், சேமநிதி, சொந்தமாய் இரண்டு அறை வீடு: இவற்றுக்காகத்தான் பலர் தெற்கிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தோம். அதில் தவறில்லை. ஆனால் ஒரு நாள் உங்கள் மகனோ மகளோ குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போகிறேன், வடக்கே மிஷனுக்குப் போகிறேன் என்று சொன்னால்? வயிறு கலங்கும். யார் சோறு போடுவார், நோய் வந்தால் யார் பார்ப்பார், எங்கள் முதுமைக்கு யார் துணை என்று கேட்பீர்கள். அது பெற்ற மனத்தின் கேள்வி. அதைக் கேட்டதற்காகச் சர்வேசுரன் உங்களைக் கோபிக்கமாட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு வாஸ் சுவாமியாரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. கஷ்டம் வராது என்று அது சொல்லவில்லை. நோய் வந்தது, சிறை வந்தது, பத்து ஆண்டுத் தனிமையும் வந்தது. ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கை நீண்டது. புறப்படுமுன் அந்தக் கை தெரியவில்லை, புறப்பட்டபின்தான் தெரிந்தது.

வீட்டிலிருந்து யாரும் புறப்படாத குடும்பங்களும் தங்களுக்கு வேலையில்லை என்று எண்ணவேண்டாம். அந்த நீளுகிற கை நீங்களே ஆகலாம். ஒரிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்து, ஆலைகளில் இரவு பகலாய் உழைக்கும் வாலிபர்களைக் காண்கிறீர்கள். அவர்களிலும் நம் வேதத்தார் உண்டு. பாஷை தெரியாது, கோவில் எங்கே என்று தெரியாது. கழுத்தில் செபமாலை தொங்குவதைக் கண்டால் உங்கள் முகம் மலரட்டும். பூசை நேரத்தைச் சொல்லுங்கள். ஒரு நாள் சோறு போடுங்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்துக் குடும்பங்களையும் நினையுங்கள். வாஸ் சுவாமியார் கடந்த அதே கடலை, வெறுங்கையோடு இந்தப் பக்கமாய்க் கடந்து வந்தவர்கள் அவர்கள். அவருக்குச் சோறிட்ட மண்ணின் பிள்ளைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் அல்லவா?

நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோவிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். அந்த நல்ல வழக்கத்தை இந்த வாரமே வீட்டில் திரும்பத் தொடங்குங்கள். பிள்ளைகளின் கையாலேயே போடச் செய்யுங்கள். மாத முடிவில் அதை மிஷனுக்கோ, அடுத்த தெருவில் பசித்திருப்பவருக்கோ கொடுங்கள். இரவு செபமாலை முடிந்ததும், அர்ச்சியசிஷ்ட சூசை வாஸ் எங்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளும்படி ஒரு சிறு மன்றாட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பிடி அரிசி யாருடைய நம்பிக்கைக்குப் பதிலாய்ப் போகிறதென்று சர்வேசுரன் அறிவார்.