பச்சையப்ப முதலியாரும் அறப்பொருட் காவலும்

தாம் ஈட்டிய பொருளைத் தாமே காத்தல் எளிது. ஒருவர் மற்றொருவர் நலங்கருதி வைத்துச் சென்ற பொருளைக் காத்தல் அரிது. முன்னதில் தவறினால் தவறியவர்க்கே இழப்பு. பின்னதில் தவறினால் இறந்தவரின் கருத்தும் இருப்பவரின் வாழ்வும் ஒருங்கே கெடும்.

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றையொட்டிய ஊர்களில், பாட்டனார் கட்டிய வீட்டைப் பேரப்பிள்ளைகளின் கல்விக்கென்றோ, கைம்பெண்ணான மகளின் சீவனத்துக்கென்றோ எழுதிவைத்து, உறவினர் ஒருவரை அதற்கு டிரஸ்டியாக அமர்த்திச் செல்லும் பெரியோர் உளர். வீடு வீடாய் நிற்கும்வரை அஃது இன்னாருக்குரியது என்பதைத் தெருவே அறியும். அது விலைபோய்ப் பணமாகிய அன்றே இடர் தொடங்குகின்றது. பணத்துக்குக் கதவிலக்கம் இல்லை. அண்டை வீட்டாரும் இல்லை. அத்தொகை எவருடையது, எங்ஙனம் காக்கப்படல் வேண்டும் என்பதை ஆராய்வார்க்குப் பச்சையப்ப முதலியாரின் வரலாற்றினும் சிறந்த பாடம் நம் நாட்டில் அரிது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பச்சையப்பர் 1754-ஆம் ஆண்டில் தோன்றினார். அவர் பிறக்குமுன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலஞ்சென்றார். காஞ்சிபுரத்தைச் சார்ந்த அக்குடும்பம் ஆதரவின்றி வாடியது. தாயார் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் அன்பர்தம் துணையால் மக்களை வளர்த்துப் பின்னர்ச் சென்னையை அடைந்தார். அங்கு வணிகர்க்குத் துபாஷியாய் விளங்கிய நாராயண பிள்ளை அவர்களுக்கு அடைக்கலந் தந்தார். தந்தை முகம் காணாத சிறுவன் பிறரொருவரின் நேர்மையான பாதுகாப்பில் வளர்ந்து ஆளானான் என்பதை மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்க. பிறர் பிள்ளையைத் தம் பிள்ளைபோற் பேணிய ஒருவர் இலராயின், இவ்வரலாறே எழுந்திராது.

பச்சையப்பர் ஆங்கிலமும் கணக்கும் பயின்று, இளமையிலேயே வணிகத்தில் இறங்கினார். அந்நாளில் துபாஷி என்பார் இருமொழி அறிந்து, கும்பினியாருக்கும் நாட்டவர்க்கும் இடைநின்று கொடுக்கல் வாங்கலை நடத்தியவர். அத்தொழிலுக்கு முதல் பணமன்று; நம்பிக்கை. சொன்ன சொல்லும் எழுதிய கணக்கும் ஒத்திருந்தால் செல்வம் தானே வந்தது. பச்சையப்பர்க்கும் அவ்வாறே வந்தது. தஞ்சை அரசரோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. இருபது ஆண்டுகளில் பெருஞ்செல்வரானார். வந்த பொருளைப் பூட்டிவைத்து மகிழாமல், காஞ்சியிலும் சிதம்பரத்திலும் திருப்பணிகள் புரிந்தும், வறியோர்க்கு அன்னமிட்டும் செலவிட்டார்.

நாற்பது வயதில் நோய் அவரைப் பற்றியது. முடிவு அணித்தென உணர்ந்தவர், 1794-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். தம் பொருள் அறங்களுக்கே செல்லவேண்டும் எனவும், தம்மை வளர்த்த நாராயண பிள்ளை அதனை நிறைவேற்றவேண்டும் எனவும் அதிற் கண்டது. ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 31-இல், திருவையாற்றில் உயிர் நீத்தார். இந்துக்களின் உயில்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது 1870-இலேயாம். அதற்கு எழுபத்தாறு ஆண்டு முன்னரே இவர் உயில் எழுதினார் என்பது வியப்புக்குரியது.

எழுதியவர் மறைந்தார், எழுத்து நின்றது. எனினும் எழுத்தின்படி பொருள் நடக்கவில்லை. வணிகத்தில் ஈட்டிய அச்செல்வம் மதில்சூழ்ந்த மாளிகையைப் போல ஓரிடத்தில் நின்றதன்று. பணம் பல கைகளிற் புகுந்து திரிவது. எவர் கையில் இருக்கின்றதோ அவருடையதுபோலவே தோன்றுவது. உரிமை கொண்டாடுவோரிடையே பிணக்குகள் மூண்டன. வியாஜ்யம் நியாயஸ்தலத்தை அடைந்தது. 1801-இல் சென்னையில் நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட்டில் அது நெடுங்காலம் கிடந்தது. பச்சையப்பர் கருதிய அறங்கள் அக்காலமெல்லாம் செய்வாரின்றி நின்றன. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதுமை எய்தும் அளவும், பசித்தோர்க்கென வைத்த பொருள் பசித்தோரை அடையவில்லை.

பின்னர் அட்வகேட் ஜெனரல் பதவியில் இருந்தோர், குறிப்பாக ஜார்ஜ் நார்ட்டன் துரை, இவ்வழக்கை ஊன்றி நடத்தினர். தனி மனிதர் பொருளுக்கு உரியவர் தாமே வழக்காடலாம். அறத்துக்கென வைத்த பொருளுக்கு வாதாட ஊர்ப்பொதுவின் சார்பில் ஒருவர் வேண்டும். அவ்விடத்தில் நின்றார் நார்ட்டன். சிதறிய பொருள் ஒருங்கு சேர்க்கப்பட்டது. வட்டியும் கூடி, மூலத்தினும் பல்கிநின்றது. உயிலிற் கண்ட அறங்களுக்காக ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாயாக, இது மூன்றரை லட்சம் ரூபாய். அவ்வறங்களுக்கு வேண்டியதனை விலக்கியபின் மிகுந்து நின்ற தொகையைக் கல்விக்குச் செலவிட நியாயஸ்தலம் இசைந்தது.

இங்கே ஒரு நுட்பம் உளது. பச்சையப்பர் பள்ளிக்கூடத்தைக் கருதி உயில் எழுதினாரல்லர். எனினும் மிகுதிப் பொருள் எவர்க்கும் சொந்தமாகிவிடவில்லை. காவலருக்கு ஆதாயமாகவும் ஆகவில்லை. வழக்காடியவர்க்குக் கூலியாகவும் ஆகவில்லை. கொடுத்தவரின் ஈகைக் கருத்துக்கு அணித்தான மற்றோர் அறத்துக்கே அது சென்றது. 1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பன் பள்ளி தொடங்கிற்று. அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏதென்சு நகரத்துப் பழங்கோயிலொன்றை ஒப்ப எழுந்த பச்சையப்பன் மண்டபம் 1850-இல் திறக்கப்பெற்றது. பள்ளி 1889-இல் கல்லூரியாய் உயர்ந்தது. கணித மேதை இராமாநுசனும், பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரையும் அதன் மாணவர். காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் ஆடவர்க்கும் மகளிர்க்கும் கல்லூரிகள் நடைபெறுகின்றன.

இனி, இவ்வரலாறு ஒரு குடும்பத்து வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என வினவலாம். நம் பகுதித் தொழிலே விடை தரும். வணிகர் ஒருவர் பச்சைத் தோலைக் கூலிக்குப் பதனிடுமாறு ஒருவரிடம் ஒப்படைக்கின்றார். தோல் சுண்ணாம்பில் ஊறுகின்றது, மயிர் நீங்குகின்றது, ஆவாரம்பட்டைச் சாற்றில் நிறம் மாறுகின்றது. உள்ளே சென்ற பொருளும் வெளியே வந்த பொருளும் உருவிலும் மணத்திலும் விலையிலும் வேறு. எனினும் பதனிட்டவர் அதனைத் தமதென்று சொல்வதில்லை. உரு மாறிற்று, உரியவர் மாறவில்லை. டிரஸ்டி விற்ற வீட்டின் விலையும் அத்தகையதே. செங்கல் பணமாயிற்று, பணம் வைப்புநிதியாகலாம், மற்றொரு மனையாகலாம். எவ்வுருவிற் சென்றாலும் பயன்பெற வேண்டியவர் அதனைப் பின்தொடர்ந்து பற்றலாம் என்பது 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுச் சட்டத்தின் முடிபு.

அச்சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்குரியது. அதன் விதிகளிற் சில எளியவை. டிரஸ்டி தெளிவான கணக்கு வைத்தல் வேண்டும். கேட்டபோது பயன்பெறுவோர்க்குக் காட்டல் வேண்டும். விற்பதற்கென அமர்ந்த டிரஸ்டி அப்பொருளைத் தாமே வாங்கலாகாது. அதனைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது. உடனே செலவிட வேண்டாத தொகையைச் சட்டம் இசைந்த முறையிலேயே முதலீடு செய்தல் வேண்டும். தம் பணத்தோடு கலந்துவிட்டாலோ, கலந்த முழுமையின்மீதும் பயன்பெறுவோர்க்குப் பற்றுண்டாகும்.

நம் ஊர்களில் இவ்விதிகளுக்கு வரும் சோதனையும் நாம் அறியாததன்று. சந்தையில் தோல் மலிந்து வரும் பருவத்தில் கையிற் பணமுள்ளவர்க்கு ஆதாயம் உண்டு. வீடு விற்ற தொகை வாளாவிருக்கின்றதே, நாற்பது நாள் எடுத்தாண்டு திருப்பி வைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நல்லவர்க்கும் தோன்றும். நட்டம் வந்தால் அதை டிரஸ்டியே ஈடுசெய்தல் வேண்டும். ஆதாயம் வந்தாலோ அதுவும் அவருடையதன்று. எனவே அவ்வாணிகத்தில் அவர் பெறக்கூடியது அச்சம் ஒன்றே. களவாடும் எண்ணத்தோடு தொடங்கும் கேடு சிலவே. திருப்பி வைக்கும் எண்ணத்தோடு தொடங்கியன பல.

காவல் ஒருநாளில் முடிவதும் அன்று. பச்சையப்பர் அறநிலையத்தின் ஆட்சியே இந்நூற்றாண்டிலும் உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட நேர்ந்தது. கொடுத்தவரின் பெருமையோ, நிலையத்தின் பழமையோ, கட்டடத்தின் அழகோ பொருளைக் காவா. கணக்கும், அதனைக் கேட்பாரும் இருத்தல் வேண்டும்.

நம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் குடும்பத்தில் படித்தவர் என்னும் காரணத்தாலேயே இத்தகைய பொறுப்பை ஏற்கும்படி அழைக்கப்படுவோம். பாட்டனார் வீடு விலைபோகும் நாளில், அத்தொகைக்கெனத் தனிக் கணக்கொன்று வங்கியில் திறப்போம். வரவும் செலவும் நாளிட்டு எழுதுவோம். நம்மினும் இளையவர் கேட்குமுன் அவர்க்குக் காட்டுவோம். பச்சையப்பரின் பொருள் உரியோரை அடைய நாற்பத்தெட்டு ஆண்டு சென்றது. அந்நெடுங்காலத்தில் ஏதுமின்றிப் போன ஏழைகளின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். நம் கையில் ஒப்புவிக்கப்படும் பொருளுக்கு உரியவர்கள் பெயரறியாதவர் அல்லர். நம் தங்கையரும் தம்பியருமே ஆவர்.